வகிட்டில் தெரிகிற வெள்ளை

கேள்வி: எனக்கு 48 வயது. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. பீரோவில் அறுபது புடவைக்கு மேல் இருக்கிறது. மாற்றி மாற்றிக் கட்டுவது ஏழெட்டுதான். பன்னிரண்டு வருடமாகத் தலைக்கு டை அடிக்கிறேன். ஆறு மாதமாக, அடித்த மறுநாளே காதோரமும் பின்கழுத்தும் அரிக்கிறது. போன தடவை கண் இமை வீங்கிவிட்டது. கன்னத்தில் மங்கு வேறு. தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. டையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால், "பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள கிழவி ஆயிடாதே" என்கிறார் நாத்தனார். தை மாதம் அவர் மகன் கல்யாணம். இந்த வருடம் முழுக்கக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. ஜனவரி 1-லிருந்து ஆளே மாறிவிட வேண்டும் போலிருக்கிறது. என் ஸ்டைலை எப்படி மாற்றிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்.

அன்புள்ள டீச்சர்,

ஸ்டைலுக்குக் கடைசியில் வருகிறேன். அதைவிட அவசரமான இரண்டு விஷயத்தைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ட்யூப். வீட்டில் அட்டைப்பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா? மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு. சில தோல் நோய்களுக்கு மருத்துவர் சில நாளைக்கு எழுதித் தருகிற சரக்கு. அதைப் பவுடர் மாதிரி தினமும் முகத்தில் தடவினால் முதல் இரண்டு வாரம் பளபளப்புதான். பிறகு தோல் மெலிந்து, உள்ளே ஓடுகிற சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும், பரு வரும், சிலருக்கு முகத்தில் முடிகூட முளைக்கும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று திரும்பத் தடவுவோம், அடங்கும். மறுபடி நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரியும். நீங்கள் இப்போது நிற்பது இந்தச் சுழலில்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் நீங்களாக நிறுத்துவது, நீங்களாகத் தொடர்வது இரண்டும் வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. கூட்டமாக இருக்கும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். முகம் ஆறுவதற்குக் கல்யாணத் தேதி தெரியாது. தை மாதத்துக்குள் சரியாகாமலும் போகலாம். அதற்காக நடுவில் பார்லர் பக்கம் போய் ஃபேஷியல், ப்ளீச் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மங்குக்கு வெயில்தான் முதல் எதிரி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குடை பிடியுங்கள், சன்ஸ்க்ரீன் எது போடலாம் என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். மற்ற எல்லாம் அப்புறம்.

இரண்டாவது டை. கண் இமை வீங்கியது என்று எழுதிவிட்டு, "விட்டுவிடலாமா" என்று அனுமதி கேட்கிறீர்களே டீச்சர்! இனி ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. தலையை நிரந்தரமாகக் கறுப்பாக்கும் டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலீன் டையமின் என்று ஒரு ரசாயனம் இருக்கும். பி.பி.டி. என்பார்கள். பன்னிரண்டு வருடம் ஒத்துக்கொண்டதே என்று கேட்பீர்கள். ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல வருடம் சும்மா இருந்த உடம்பு ஒருநாள் அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். குறித்துவிட்டால் பெரும்பாலும் அழிக்காது. அடுத்த தடவை இமையோடு நிற்காமல் முகமே வீங்கலாம், மூச்சுத் திணறல் வரை போகலாம்.

பிராண்டை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். அம்மோனியா இல்லை என்று பெரிதாகப் போட்ட டப்பாவிலும் பி.பி.டி. இருக்கலாம், இரண்டும் வேறு வேறு சமாசாரம். "ஹெர்பல்" என்று இலைப் படம் போட்டதிலும் இருக்கலாம். "கறுப்பு மருதாணி" என்று பொட்டலத்தில் விற்பது இன்னும் மோசம். மருதாணி இலைக்குக் கறுப்பு வராது, செம்பட்டைதான் வரும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்த நமக்குத் தெரியாததா? பொட்டலம் ஒரே தடவையில் கறுப்பாக்குகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது. சுத்தமான மருதாணிப் பொடி போட்டு அலசி, அதன்மேல் அவுரி இலைப் பொடி போட்டால் கருநீலமாக ஒரு கறுப்பு வரும். அரை நாள் வேலை, குளியலறைத் தரையெல்லாம் கறை. அதையும் இப்போது செய்யாதீர்கள். தலை முழுக்க ஆறட்டும், மருத்துவர் சரி என்று சொல்லட்டும், முழங்கை மடிப்பில் துளி தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். பல் பிடுங்கப் போனாலும் வேறு சிகிச்சைக்குப் போனாலும் "எனக்குத் தலைமுடி டை ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிவிடுங்கள். மரத்துப்போக வைக்கும் சில மருந்துகளுக்கும் இதற்கும் உறவு உண்டு.

டையே கூடாது என்று பிரசாரம் செய்கிற ஆள் இல்லை நான். நானும் பதினைந்து வருடம் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய நைட்டி, பிளாஸ்டிக் கிண்ணம், கிழிந்த துண்டு, காது மடலில் வாஸ்லின். ஒத்துக்கொள்கிறவர்கள், அந்தக் கறுப்பு சந்தோஷம் தருகிறவர்கள் தாராளமாக அடிக்கட்டும். என் 54-ஆவது வயதில் சலித்துப்போய் விட்டேன். விட்ட மூன்றாம் வாரம் வகிட்டில் வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு தடவினாற்போல. நாலு மாதம் கழித்து பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

இடைப்பட்ட காலம் அழகாக இருக்காது, பொய் சொல்ல மாட்டேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் பின்னல் இடுப்பு வரை இருந்தால், மேலே வெள்ளை கீழே கறுப்பு என்று நாலைந்து வருடம் இரண்டு நிறத்தில் தொங்கும். கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். வெட்ட மனம் வராவிட்டால் கொண்டை. நேர் வகிட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் கோணலாக எடுத்தால் அந்தக் கோடு அவ்வளவு அறையாது. வெள்ளை முடி முரட்டு முடி, சொன்ன பேச்சு கேட்காது. குளித்ததும் ஈரத்திலேயே இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் அடங்கும்.

இப்போது பீரோ. "ஸ்டைல்" என்று நீங்கள் தேடுகிற ஆள் அதற்குள்தான் இருக்கிறாள். மழை முடிந்து இந்த மார்கழியில் பீரோவைத் திறந்தால் எப்படியும் ஈர வாடை அடிக்கும், பட்டுப் புடவைகளை நிழலில் காற்றாடப் போட்டு மடிப்பை மாற்றி மடித்தே ஆக வேண்டும். அந்த வேலையோடு இதையும் செய்யுங்கள். ஒவ்வொரு புடவையிலும் தோள்பட்டையில் பின் குத்துகிற இடத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். சில புடவையில் ஒரே ஒரு ஓட்டை இருக்கும், கடையிலிருந்து வந்து ஒரு விசேஷத்துக்குக் கட்டியதோடு சரி. சிலவற்றில் அதுகூட இருக்காது. சிலவற்றில் சல்லடை மாதிரி பொடிப் பொடியாக ஓட்டை, நூல் விலகி, கீழே ஃபால்ஸ் நைந்து போயிருக்கும். சல்லடையை எல்லாம் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.

நான் போன வருடம் இப்படிச் செய்தபோது என் பக்கம் பதினொரு புடவை சேர்ந்தது. ஏழு பருத்தி, அதில் மூன்று சுங்குடி. கரை எல்லாம் இரண்டு விரலுக்குள். எல்லாமே அரக்கு, கருநீலம், மயில்கழுத்து. ரோஜா நிறம் எனக்குப் பிடிக்கும் என்று முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஒரு ரோஜாகூட அந்த அடுக்கில் இல்லை! வாங்கும்போது ஒருத்தி வாங்கியிருக்கிறாள், காலையில் எட்டரை மணிக்குக் கட்டிக்கொண்டு ஓடுகிறவள் வேறொருத்தி. அந்த இரண்டாமவளுக்குத்தான் இனி துணி எடுப்பது என்று முடிவு செய்தேன்.

உங்கள் ஏழெட்டையும் இப்படி விரித்து வைத்துப் பாருங்கள். என்ன நிறம், என்ன கரை, எவ்வளவு கனம், எந்த ஊர்த் தறி. ஒரு தாளில் எழுதிவிடுங்கள், டீச்சருக்குச் சொல்லியா தர வேண்டும்? அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கைப்பையில் இருக்கட்டும். கடை விளக்கில் எதையும் முடிவு செய்யாதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தலை நரைக்க நரைக்க முகத்துக்குப் பக்கத்தில் வெளிறின சந்தனமும் சாம்பலும் ஆளைச் சோகையாகக் காட்டும் என்பது என் அனுபவம். அழுத்தமான நிறங்கள் தூக்கிக் கொடுக்கும். எம்.எஸ். ப்ளூ என்கிறோமே, காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்த அந்த நீலம். நரை கலந்த தலை, மல்லிகை, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி என்று அவருடைய பிற்காலப் படம் ஒன்றைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மீதி ஐம்பதை என்ன செய்வது? போகிக்கு எரிக்க மட்டும் வேண்டாம், பாதிக்கு மேல் பாலியஸ்டராக இருக்கும், புகை நாறும். நல்ல நிலையில் இருப்பதை, "உங்களுக்குப் பிடிச்சா எடுத்துக்கோங்க" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்; கிழிசலைத் தானம் என்று யார் தலையிலும் கட்டாதீர்கள். பழைய பட்டைத் தெருவில் வருகிறவரிடம் அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஜரிகை இழை ஒன்றை உருவி நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளி ஜரிகை. நாலு இடத்தில் விலை கேட்கலாம்.

ஓட்டையே இல்லாத புடவைகளில் சிலது உங்களுக்குப் பிடித்ததாகவே இருக்கும். ஏன் கட்டவில்லை என்று யோசித்தால் ஜாக்கெட் பற்றவில்லை என்பதுதான் பதிலாக இருக்கும். புடவை யாருக்கும் இறுகாது, இறுகுவது ஜாக்கெட். 48 வயதில் உடம்பு கைப்பக்கமும் முதுகுப்பக்கமும் மாறுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல தையல்காரர் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார். பத்து ஜாக்கெட்டைப் பையில் போட்டு எடுத்துப் போய்ப் பிரித்துவிடச் சொல்லுங்கள். பத்துப் புதுப் புடவை எடுத்த மாதிரி இருக்கும்.

நாத்தனாருக்கு வருகிறேன். அவரிடம் நரை, வயது, தன்னம்பிக்கை என்று எதுவும் வாதாட வேண்டாம். "அண்ணி, போன தடவை கண்ணே வீங்கிடுச்சு, டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று சொல்லுங்கள். நம் குடும்பங்களில் டாக்டர் சொன்னதற்கு மேல் முறையீடு கிடையாது. கல்யாணத்தன்று நாலு பேர் கேட்பார்கள். இரண்டு பேர் உச்சுக் கொட்டுவார்கள். ஐந்தாவதாக ஒருத்தி கை கழுவுகிற இடத்தில் ஓரமாக நின்று, "நானும் விட்டுடலாம்னு பார்க்கிறேன், எப்படி இருக்கு?" என்று கேட்பாள். எனக்கு அப்படித்தான் நடந்தது, இரண்டு கல்யாணத்தில்.

உங்கள் பெண்ணின் கல்யாணத்தையும் உங்கள் தலைமுடியையும் ஏன் முடிச்சுப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு. அதை விடுங்கள்.

கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். முகம் எரிந்துகொண்டும் தலை அரித்துக்கொண்டும் இருந்தால் யாருக்கும் பிடிக்காது. அவ்வளவுதான் காரணமென்றால் இரண்டும் ஆறும்போது இதுவும் ஆறும். அதோடு தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்குப் போவதே பாரமாக இருக்கிறதென்றால் அது வேறு. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தைராய்டு, ரத்தசோகை, பி12 மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். "மனசு சரியில்லை" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்குச் சில சமயம் காரணம் அங்கே இருக்கும்.

ஜனவரி 1-க்கு ஆளே மாற வேண்டாம். கல்யாணத்துக்குச் சல்லடை அடுக்கில் இருக்கிற பட்டு ஒன்றை எடுங்கள். தையல்காரரிடம் மட்டும் சீக்கிரம் போங்கள். பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்து வருகிறது, மார்கழி பாதிக்கு மேல் எந்தக் கடையிலும் புதுத் துணி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். போகும்போது அளவுக்கு என்று பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நின்று, டேப் வைத்துப் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.