கண்ட்ரோலிலும் டிஎன்எஃப் ஏறினால்?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி மாணவன் நான். மனித ரத்த மோனோசைட்டில் (ஒருவகை வெள்ளை அணு), அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தின் ரிசப்டரை அடைக்கும் ஆன்டிபாடி போட்டேன், அழற்சியைக் கூட்டும் டிஎன்எஃப் புரதம் நன்றாகக் கூடியது. ஆனால் ஐசோடைப் கண்ட்ரோலிலும் (அதே வகை, ஆனால் அந்த ரிசப்டரில் ஒட்டாத ஒப்பீட்டு ஆன்டிபாடி) கிட்டத்தட்ட அதே அளவு கூடுகிறது, செல்லைத் தூண்டும் எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருளைக் கொடுக்காத குழியில்கூட. கண்ட்ரோலை விட்டுவிட்டு எழுதிவிடு என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: விட்டுவிடாதீர்கள் தம்பி, அந்தப் பிளேட்டில் நீங்கள் நம்ப வேண்டிய குழியே அதுதான். ஐசோடைப்புக்கும் ஐஎல்-10 ரிசப்டருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அதற்கும் டிஎன்எஃப் வருகிறது என்றால் செல்லை வேறு ஏதோ உசுப்புகிறது.

என் சந்தேகம் முதலில் எண்டோடாக்சின் மேல்தான், அதாவது ஆன்டிபாடி பாட்டிலிலேயே கலந்துவிட்ட எல்பிஎஸ் மேல். மோனோசைட்டுக்கு அது பிகோகிராம் கணக்கில் இருந்தாலே போதும். செலவில்லாமல் பார்க்க வழி இருக்கிறது: இரண்டு ஆன்டிபாடியிலும் கொஞ்சம் எடுத்து இருபது நிமிடம் கொதிநீரில் வைத்து, எல்பிஎஸ் இல்லாமல் செல்லில் போடுங்கள். கொதித்தால் ஆன்டிபாடி கெட்டுவிடும், எண்டோடாக்சின் லேசில் அழியாது. அப்போதும் டிஎன்எஃப் வந்து, எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் அடங்கினால் சந்தேகமே வேண்டாம், வேறு பாட்டில் வாங்குங்கள்.

கொதித்த பிறகு ஒன்றும் வரவில்லையா? அப்படியானால் ஆன்டிபாடியின் வால், அதாவது எஃப்சி பகுதி, மோனோசைட்டின் மேலிருக்கும் சிடி64, சிடி32 ரிசப்டர்களைப் பிடித்திருக்கலாம். நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஐஸ் உருகி வந்த பார்சலோ, பலமுறை உறைய வைத்து இளக்கிய பாட்டிலோ என்றால் ஆன்டிபாடி திரண்டிருக்கும், திரண்டது அந்த ரிசப்டர்களை இன்னும் பலமாக உசுப்பும். வேகமாகச் சுழற்றி மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். வால் நீக்கிய வடிவம் கிடைத்தால் ரொம்ப நல்லது, ஆனால் ஐசோடைப்பும் அதே வடிவில் வேண்டும். அப்புறம், லேபிளில் சோடியம் அசைடு என்று இருந்தால் செல் வளர்ப்பில் போடவே கூடாது, அது செல்லின் மூச்சையே நிறுத்தும்.

இதெல்லாம் சரியானாலும் உங்கள் ஆன்டிபாடி நிஜமாகவே அடைக்கிறதா என்று தனியாகக் காட்டியாக வேண்டும், ஏனென்றால் ரிசப்டரில் ஒட்டுகிற எல்லாமே அதை அடைப்பதில்லை, சிலது தூண்டியும் விடும். 2006-ல் லண்டனில் டி செல்லின் சிடி28 ரிசப்டரைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்தைச் சோதனைக்காகக் கொடுத்த ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உங்களுக்கு வழி எளிது: ஆன்டிபாடி போட்டு அரை மணி நேரம் விட்டு, ஐஎல்-10 கொடுத்து, கால் மணி நேரத்தில், ஐஎல்-10-இன் சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஸ்டாட்3 புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறதா பாருங்கள். ஐசோடைப் குழியில் ஏறி, உங்கள் ஆன்டிபாடி குழியில் ஏறாமல் இருந்தால் அதையே முதல் படமாகப் போட்டு எழுதுங்கள்.