பரதன் பதக்கத்துக்குப் பத்தாயிரம் வராகன்

கேள்வி: எங்கள் நகர் நலச்சங்கப் பொருளாளர், ஆண்டுவிழா வசூலில் பொய் பில் எழுதி மிச்சம் பிடித்து, ஓர் ஏழை மாணவியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறார். தமக்கென்று ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனால் விஷயம் தெரிந்ததும் அவரை நீக்க வேண்டும் என்று குதிக்கிறார்கள். பக்த ராமதாசர் வரிப்பணத்தில் கோயில் கட்டவில்லையா? திருமங்கையாழ்வார் கொள்ளையடித்துத் திருப்பணி செய்யவில்லையா? நோக்கம் நல்லதாக இருந்தால் வழி எப்படி இருந்தால் என்ன?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: நல்ல சாட்சிகளைத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு பேருமே உங்களுக்கு எதிராகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ராமதாசர் கதையின் கடைசியை நினைத்துப் பாருங்கள். கோபண்ணா என்பது இயற்பெயர். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் தானீஷா காலத்தில் தாசில்தார். வசூலித்த வரியைப் பத்ராசலம் கோயிலில் செலவழித்தார், சிறைக்குப் போனார். அவர் அடைபட்டிருந்த இடம் என்று கோல்கொண்டா கோட்டையில் இன்றும் ஓர் அறையைக் காட்டுகிறார்கள். சிறையிலிருந்து ராமனை நோக்கி ஒரு கீர்த்தனை பாடுகிறார். அதைக் கீர்த்தனை என்பதைவிடச் செலவுப் பட்டியல் என்று சொல்லலாம். சீதைக்குப் பதக்கம் செய்தேன், பரதனுக்குப் பச்சைக்கல் பதக்கம் செய்தேன், அதற்குப் பத்தாயிரம் வராகன் ஆயிற்று என்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, இதையெல்லாம் உன் அப்பா தசரதர் கொடுத்தாரா, மாமனார் ஜனகர் அனுப்பினாரா என்று சண்டைக்கு நிற்கிறார். காசு யாருடையது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அப்புறம் என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள்? ராம லட்சுமணர்கள் இரவோடு இரவாக தானீஷாவிடம் போய் 6 லட்சம் பொற்காசைக் கொட்டி, கையோடு ரசீதும் வாங்கி, கோபண்ணாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்களாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அந்த ரசீதுதான் பிடித்திருக்கிறது. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று கதை சொன்னவர்கள் நினைத்திருந்தால், கோயிலோடு கதையை முடித்திருக்கலாமே. கடவுளே நேரில் வந்து கஜானா கணக்கை நேர் செய்தால்தான் அவர்களுக்கு மனசு ஒப்பியது.

திருமங்கையாழ்வார் கதையிலும் இதேதான். சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தை எடுத்து அடியார்களுக்கு அன்னமிட்டார், மாட்டிக்கொண்டார். காஞ்சிப் பெருமாள் கனவில் வந்து வேகவதி ஆற்றங்கரையில் புதையலைக் காட்ட, அதை எடுத்துத்தான் அரசனின் பாக்கி தீர்ந்தது. நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையை உருக்கித் திருவரங்கத் திருப்பணி செய்ததாக வருகிற பகுதியில் மட்டும் யாரும் புதையல் காட்டவில்லை. அரசனுக்குப் பாக்கி என்றால் பெருமாள் கனவில் வருகிறார். பறிகொடுத்தவர்கள் வேற்று மதத்துக்காரர்கள் என்றால் கதைக்கு அந்தக் கவலை இல்லை. ஆழ்வார் பக்தியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ‘நல்ல நோக்கம்’ என்று யாராவது சொன்னால், பறிகொடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று நான் தேடிப் பார்ப்பது இந்தக் கதையைப் படித்ததிலிருந்துதான்.

வள்ளுவரை நீங்கள் கூப்பிடவில்லை, நான் கூப்பிடுகிறேன். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்று 292-ஆம் குறளில் கொஞ்சம் இடம் விட்டவர் அவர். அதே மனிதர் 656-இல் கதவைச் சாத்துகிறார்:

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை.

பெற்ற தாய் பட்டினி கிடந்தாலும் செய்யாதே என்கிறார். கொடுமையாக இல்லையா? பரிமேலழகருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். முதிர்ந்த தாய் தந்தையும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயன செய்தாவது காப்பாற்று என்று அறநூல்களில் பொதுவிதி இருக்கிறது. அது அமைச்சர்களுக்குப் பொருந்தாது, அதனால்தான் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்று உரை எழுதுகிறார். குறள் இருப்பதும் அமைச்சியலில். ஒன்றுமில்லாதவன் பசிக்குத் திருடினால் அது வேறு வழக்கு. ஊர்ப் பணத்துக்குச் சாவி வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கோபண்ணா தாசில்தார், உங்கள் ஆள் பொருளாளர். ரெண்டு பேர் இடுப்பிலும் சாவி தொங்குகிறது.

பொய் பில் எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெரு விழாவுக்குப் பந்தல் போட்டவரிடம் பில் கேட்டுப் போனேன். பில் புத்தகத்தை மடியில் விரித்து, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, “எவ்வளவுன்னு எழுதட்டும் சார்?” என்றார். வெயில் எப்படி என்று விசாரிப்பதைப் போல அவ்வளவு இயல்பாக. உங்கள் பொருளாளரிடமும் யாரோ இப்படிக் கேட்டிருப்பார்கள், அவரும் ஒரு தொகை சொல்லியிருப்பார். அந்தப் பந்தல்காரர் அடுத்த வருஷம் 2,000 ரூபாய் கூட்டிப் போட்டால் இவரால் வாயைத் திறக்க முடியுமா?

அந்தப் பெண்ணுக்குப் பணம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? சிலர் ‘முடியாது’ என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டுமே! அது அவர்கள் பணம். காசைவிட அந்த ‘முடியாது’வைத்தான் அவர் முதலில் எடுத்துக்கொண்டார். அவர்களில் பாதிப் பேர் கேட்டவுடன் பர்ஸைத் திறந்திருப்பார்கள் என்பதும் இப்போது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அதனால் அவரை நீக்கத்தான் வேண்டும். போலீஸ், கேஸ் என்றெல்லாம் போகாதீர்கள். எடுத்த தொகையை அவர் தவணையில் கட்டட்டும். அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அவள் பெயர் கூட்டத்தில் அடிபடவும் கூடாது. அடுத்த வருஷமும் அவளுக்குக் கட்டணம் இருக்குமே? அதை வெளிப்படையாக வசூலியுங்கள். புதுப் பொருளாளர் வந்ததும் எனக்கு எழுதுங்கள், என் பங்கு 500 ரூபாய் அனுப்புகிறேன். ரசீதில் ‘ஆண்டுவிழா’ என்று எழுதிவிடப் போகிறார்கள், ‘கல்லூரிக் கட்டணம்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.