ஆலிவ் மரத்துக்கு வீட்டுக்குள் இடம் வேண்டாம்

கேள்வி: லண்டனில் ஹாரோ பக்கம் வசிக்கிறோம். போன கோடையில் தொட்டியோடு ஓர் ஆலிவ் செடி வாங்கினேன், இடுப்புயரம். குளிருக்குப் பயந்து நவம்பரில் ஹாலுக்குள் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தேன். இப்போது பிப்ரவரி, பாதி இலை கொட்டிவிட்டது. பிழைக்குமா? காய்க்குமா?

– ஒரு வாசகி, ஹாரோ

பதில்: பிழைக்கும் அம்மா. ஒரு சின்னக் கிளையில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இலை கொட்டியதற்குக் காரணம் ரேடியேட்டரின் வறண்ட சூடும், வீட்டுக்குள் வெளிச்சம் போதாததும்தான். ஆலிவுக்குக் குளிர்காலம் தேவை. ஏறக்குறைய இரண்டு மாதம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பூமொட்டு கட்டும். ஹாலிலேயே வைத்தால் காய்க்கு வழியே இல்லை.

அதற்காக இன்றே தூக்கி வெளியே வைத்துவிடாதீர்கள். முதலில் ஹீட்டர் இல்லாத, வெளிச்சம் விழுகிற போர்ச்சில் இருக்கட்டும். மார்ச் கடைசியில் வெளியே கொண்டுபோய், தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டி வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் கொடுக்கும். லண்டனிலேயே உள்ள பழைய மூலிகைத் தோட்டமான செல்சீ பிசிக் கார்டனில் உயர்ந்த சுவர்களின் அணைப்பில் ஒரு பெரிய ஆலிவ் மரம் நிற்கிறது, காய்க்கவும் செய்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

என் முதல் ஆலிவ் செடி செத்தது குளிரால் இல்லை. தரை அழுக்காகக் கூடாதென்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தேன். குளிர்கால மழை முழுக்க அதில் தேங்கி, வேர் அழுகிவிட்டது. இன்னும் மனசு கேட்கவில்லை. இந்த ஊரில் ஆலிவுக்குக் குளிரைவிட ஈரம்தான் எமன். தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ பொடிக்கல்லோ கலக்கலாம். குளிர்காலத்தில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். கோடையில் தாராளமாக ஊற்றுங்கள்.

தரையில் வேர்பிடித்த மரம் மைனஸ் 10 டிகிரி வரைகூடத் தாங்கும். தொட்டிச் செடிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது, வேரே உறைந்துவிடும். கடும் உறைபனி வரும் என்று சொன்னால் தொட்டியைச் சாக்கிலோ பபிள் ராப்பிலோ சுற்றுங்கள். செடியின் தலைக்கு, தோட்டத்தில் செடிகளைப் போர்த்துகிற மெல்லிய ஃப்ளீஸ் துணி போதும், காலையில் எடுத்துவிடுங்கள். 2018 மார்ச் பனியில் என் இரண்டாவது மரம் இப்படித்தான் தப்பியது.

பூ ஜூன் வாக்கில் வரும். பொடிப்பொடியாக வெள்ளை. ஆலிவும் மல்லிகையும் ஒரே குடும்பம்; அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பாசம். காற்றே மகரந்தம் சேர்த்துவிடும். காய் இங்கே பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும். பறித்த காயை அப்படியே கடிக்க முடியாது, அவ்வளவு கசப்பு. உப்புத் தண்ணீரில் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஒரு மாதத்துக்கு மேல் ஊறவிட வேண்டும். ஊறுகாய் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

முழுக்க மொட்டையானாலும் தூக்கிப் போடாதீர்கள். 1985 ஜனவரி உறைபனியில் இத்தாலியின் டஸ்கனியில் தோப்புத் தோப்பாக மரங்கள் கருகின. அடியோடு வெட்டிய பிறகு வேர்ப்பகுதியிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, மறுபடி தோப்பானவை ஏராளம். உங்கள் செடிக்கு ஜூன் வரை அவகாசம் கொடுங்கள். தளிர் தெரிகிற வரை உரம் போட வேண்டாம்.