நிக்ஸி ட்யூப் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: இணையக் கடை ஒன்றில் ‘நிக்ஸி ட்யூப் கடிகாரம்’ பார்த்தேன். ஆறு இலக்கம், எண்களின் நிறத்தை விருப்பம்போல் மாற்றலாம், யூஎஸ்பி-யில் ஓடும் என்று போட்டிருக்கிறது. விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: அது நிக்ஸி அல்ல. நிறத்தை மாற்றலாம் என்ற ஒரு வரியே அதைச் சொல்லிவிடுகிறது. நிக்ஸி என்பது எண்களை ஒளிரவைத்துக் காட்டும் பழைய கண்ணாடிக் குழாய். அதில் ஒளிர்வது நியான் வாயு, எண் ஆரஞ்சில்தான் தெரியும். நீங்கள் பார்த்தது கண்ணாடிக்குள் சின்ன எல்சிடி திரையோ, எல்இடி பாயும் அக்ரிலிக் தகடோ வைத்ததாக இருக்கும். மேசையில் வைக்க அழகான பொருள்தான், ஆனால் அதை நிக்ஸி என்று சொல்லி விற்பது ஏமாற்று. அசல் கடிகாரங்களிலும் சிலர் குழாயின் அடியில் கலர் எல்இடி வைப்பதுண்டு. அப்போதும் அடிப்பாகம்தான் நிறம் மாறும், எண் மாறாது.

யூஎஸ்பி-யை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 5 வோல்ட்டை 170, 180 வோல்ட்டாக உயர்த்தும் சிறு போர்டு அசல் கடிகாரத்திலும் இருக்கும். அணைத்த நிலையில் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். அசலில் 0 முதல் 9 வரை பத்து எண்களும் மெல்லிய உலோக வடிவங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும், அவற்றின் முன்னால் வலை தெரியும். படம் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: கிட் வாங்கி நானே செய்ய ஆசை. எந்த ட்யூப் வாங்குவது? பழையது என்றால் பயமாக இருக்கிறது.

பதில்: பழையதைத் தவிர்க்க முடியாது. அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த பொருள் இது. எல்இடி வந்ததும் மேற்கில் வழக்கொழிந்தது; சோவியத் ஆலைகள் அதற்குப் பிறகும் செய்துகொண்டிருந்தன. இன்று சந்தையில் அதிகம் கிடைப்பது அந்தக் கையிருப்புதான். செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி புதிதாகக் கையால் செய்கிறார். விலை அதற்கேற்ப இருக்கும்.

முதல் கடிகாரத்துக்கு ஐஎன்-12 என்ற சோவியத் குழாய் போதும் என்பேன். ஐஎன்-18 என்ற பெரிய குழாயின் 40 மில்லிமீட்டர் எண் மனதை இழுக்கும்தான். ஆனால் அதில் ஒன்றின் விலைக்கு ஐஎன்-12 பல வாங்கலாம். சால்டர் பழகும் கையோடு ஐஎன்-18-ஐத் தொட வேண்டாம். ஐஎன்-12-க்கு சாக்கெட் உண்டு, கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம். அதில் எண் குழாயின் நுனியில் தெரியும்; நிமிர்ந்து நிற்கும் குழாய்தான் வேண்டும் என்றால் ஐஎன்-14. அதில் நீளமான கம்பிகள் இருக்கும். கம்பி குட்டையாக வெட்டியிருந்தாலோ ஈயம் ஒட்டியிருந்தாலோ, ‘புதியது’ என்று எழுதியிருந்தாலும் அது பழைய கருவியிலிருந்து பிரித்தெடுத்தது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஐஎன்-15 என்ற குழாயும் பார்க்க ஐஎன்-12 போலவே இருக்கும். அதில் எண் வராது; ஓம், வோல்ட் போன்ற குறிகள்தான் வரும். மலிவாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அப்புறம், ஐஎன்-12-இல் 5 வேறு மாதிரி தெரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். 2-ஐத் தலைகீழாகப் போட்டே அதில் 5 செய்திருக்கிறார்கள்.

உண்மையான கோளாறு வேறு. அதிகம் எரியாத எண்ணின் மேல் மற்ற எண்களிலிருந்து சிதறும் உலோகம் படிந்துவிடும்; பிறகு அந்த எண் பாதிதான் ஒளிரும். அதனால் பத்து எண்ணும் தனித்தனியாக எரியும் படம் கேளுங்கள். கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நீங்களே எல்லா எண்ணையும் எரித்துப் பாருங்கள். கடிகாரத்தில் மணியின் முதல் இலக்கம் 2-ஐத் தாண்டாது, ஆகவே தினமும் சற்று நேரம் எல்லா எண்களையும் ஓடவிடும் வசதி உள்ள கிட்டாகத் தேர்ந்தெடுங்கள். கிட் விலையில் ட்யூப் சேர்த்தியா என்பதையும் படியுங்கள். பல கிட்டுகள் ட்யூப் இல்லாமலே வருகின்றன. ஆறு வேண்டும் என்றால் எட்டாக வாங்குங்கள். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க வரி வரலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் சேர்ந்து செய்யலாமா?

பதில்: நிக்ஸி வேண்டாம். 170 வோல்ட் டிசி ஷாக் விளையாட்டல்ல, பவரை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். அவளோடு செய்ய ஐவி-9 என்ற வேறு வகைக் குழாய் வாங்குங்கள். பல்ப் போல இழை எரியும் ஏழு கோட்டு எண், 5 வோல்ட்டுக்கும் குறைவாகவே போதும், பழைய குழாயின் அழகும் உண்டு. ஆர்டர் போடும்போது குழாயின் வகை எண்ணைச் சரிபாருங்கள்: அதே ஐவி வரிசையில் வரும் ஐவி-11 பச்சை ஒளி தரும் வேறு வகை. அதற்கு 25 வோல்ட் அளவுக்குத் தனி மின்சாரம் வேண்டும், ஐவி-9 போர்டில் ஓடாது.