கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே இ-வண்டி, வீட்டில் நாலு பேர்

கேள்வி: நான், கணவர், 68 வயது மாமனார், பிளஸ் ஒன் படிக்கும் மகன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம். "செயலியில் வேகத்தை 25-க்கு இறக்கிவிட்டால் பையனும் தாராளமாக ஓட்டலாம்" என்கிறார் ஷோரூம்காரர். சரியா? – வாசகி, ஓசூர்

பதில்: தவறு. வேகத்தை இறக்கினாலும் நம்பர் பிளேட் போட்ட ஸ்கூட்டர் மோட்டார் வாகனம்தான். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எதுவும் விலகாது. 16 வயதில் எடுக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு மிகாத வண்டிக்கானது. அதை நம்பி இந்த ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். மைனர் ஓட்டி மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

'லைசென்ஸ் தேவையில்லை' என்று கடை வாசலில் பலகை தொங்குகிறதே, அது வேறு ரகம். மத்திய மோட்டார் வாகன விதி 2(யூ) சொல்லும் கணக்கு இது: மோட்டார் திறன் 0.25 கிலோவாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். இந்த மூன்றும் பொருந்துவதற்கான சோதனைச் சான்றிதழ் நகலைக் கடையில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஆனால் 250 வாட் வண்டியில் உங்கள் கணவர் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் மோட்டார் சூடாகித் திணறும். அதனால் நாலு பேருக்கும் ஒரே வண்டி என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பெரியவர்கள் மூவருக்கும் பதிவு வண்டி, பையனுக்கு இ-சைக்கிள். பணம் இரண்டுக்கும் போதாதென்றால் முதலில் சைக்கிளை வாங்குங்கள்.

ஸ்கூட்டர் எடுக்கும்போது 'மோடு' வேறு, 'பூட்டு' வேறு என்பதை மறக்க வேண்டாம். ஈக்கோ (சிக்கனம்), ஸ்போர்ட்ஸ் (வேகம்) போன்ற மோடுகளை ஓட்டுபவரே ஒரு பொத்தானை அமுக்கி மாற்றிக்கொள்ளலாம். மாமனாருக்காக வேகத்தைக் கட்டிவைக்க வேண்டுமென்றால், பின் நம்பரோ செயலியோ இல்லாமல் மாறாத பூட்டு வேண்டும். டெஸ்ட் டிரைவிலேயே சோதித்துவிடலாம். வேகத்தை 40-இல் பூட்டச் சொல்லுங்கள். சாவியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பிறகு செயலி இருக்கும் போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். அப்போதும் 40-ஐத் தாண்டாவிட்டால்தான் அது பூட்டு. மாமனார் கையில் கொடுத்து, நின்ற இடத்திலிருந்து வண்டி எப்படிக் கிளம்புகிறது என்றும் பாருங்கள். வயதானவர்கள் வேகத்தில் மட்டுமல்ல, கிளம்பும்போது விழும் அந்த உதறலிலும் தடுமாறலாம்.

இன்னொன்று. பூட்டு மோட்டாரைத்தான் கட்டுப்படுத்தும். இறக்கத்தில் வண்டி தன் எடையிலேயே பூட்டிய வேகத்தைத் தாண்டும். அங்கே பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை.

கேள்வி: லைசென்ஸ் தேவைப்படாத ஸ்லோ ஸ்பீடு வண்டி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு ஒயரைக் கழற்றினால் 40 போகும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? – வாசகர், மதுரை

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. சீட்டுக்கு அடியில் வரிவரியாகப் பள்ளம் விட்ட அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதுதான். பல கன்ட்ரோலர்களில் ஒரே நிற ஒயர் இரண்டு வெளியே வந்து ஒரு கனெக்டரில் சேரும். பெரும்பாலும் வெள்ளை. அது சேர்ந்திருக்கும்வரை வேகம் அடங்கியிருக்கும், பிரித்தால் எகிறும்.

பிரித்த அந்த நிமிடமே விதி 2(யூ) தரும் விலக்கு போய்விடும். சாலையில் அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் நஷ்ட ஈடு உங்கள் கையிலிருந்துதான் போகும். பிரேக்கும் 25-க்கென்று போட்டது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுவதால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். வீட்டில் பிள்ளைகளும் எடுக்கும் வண்டி என்றால் அந்தக் கனெக்டரில் டேப் சுற்றி, மேலே பேனாவால் கையெழுத்துப் போட்டு வையுங்கள். யாராவது பிரித்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: நானும் 14 வயது மகளும் ஒரே இ-சைக்கிளை ஓட்டுகிறோம். டிஸ்ப்ளேயில் 25-க்கு மேல் காட்டுவதில்லை, ஆனால் அதைவிட வேகமாகப் போவதுபோல் இருக்கிறது. – வாசகி, திருச்சி

பதில்: சக்கர அளவு தப்பாகப் பதிந்திருக்கலாம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் டிஸ்ப்ளே வேகத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் 26 இன்ச் இருக்க, செட்டிங்கில் 20 என்று கிடந்தால், அது 25 காட்டும்போது நீங்கள் உண்மையில் 32-ஐத் தாண்டியிருப்பீர்கள். பரவலாக வரும் எஸ்866 டிஸ்ப்ளேயில் பி06 சக்கர அளவு, பி08 வேக வரம்பு. மற்ற டிஸ்ப்ளேக்களில் எண் மாறும், கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள்.

மகள் ஓட்டும்போது பி08-ஐ 15-க்கு இறக்கலாம். பி09-ஐ 1 என்று வைத்தால், பெடல் மிதித்து சைக்கிள் நகர்ந்த பிறகே த்ராட்டில் (கைப்பிடி ஆக்சிலேட்டர்) வேலை செய்யும். நின்ற இடத்தில் கை பட்டுப் பாயாது. அவளும் இதே செட்டிங்கைத் திறக்க முடியும் என்பதால் இது முழுப் பூட்டு இல்லை.

சீட் உயரத்தையும் ஆள் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அவரவர் அளவை சீட் கம்பியில் நெயில் பாலிஷால் கோடிட்டுக்கொள்ளலாம். குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று கம்பியில் பொறித்திருக்கும் கோடு மட்டும் எப்போதும் உள்ளேயே இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிவிட்டு, த்ராட்டிலைத் திருகியபடி பிரேக் லிவரை லேசாக இழுங்கள். மோட்டார் சட்டென்று நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் லிவரில் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை மகளிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் ஸ்கூட்டர் 48 வோல்ட், என் இ-சைக்கிளும் 48 வோல்ட். ஒரே சார்ஜர் போதுமா? – வாசகர், நாமக்கல்

பதில்: சார்ஜர் பின் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரிக்கான 48 வோல்ட் சார்ஜர் 59 வோல்ட்வரை ஏற்றும். 13 செல் அடுக்கிய 48 வோல்ட் லித்தியம் பேட்டரியின் உச்சம் 54.6. மாற்றிப் போட்டால் தீப்பிடிக்காமல் தடுக்க உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) ஒன்றுதான் மிச்சம். இரண்டு சார்ஜரிலும் வண்டியின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டி, வேறு வேறு அறையில் வையுங்கள்.