கொண்டை எப்போது போடலாம்?

கேள்வி: எனக்கு 68 வயது. இடது தோளில் தசைநார் கிழிந்து மூட்டும் தேய்ந்துவிட்டதால், இரண்டு மாதம் முன்பு ‘ரிவர்ஸ்’ முறையில் மூட்டு மாற்றினார்கள். ஸ்லிங்கைக் கழற்றியாகிவிட்டது. ஆனால் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. மருமகள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பழகச் சொல்கிறாள். தெருவில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார். கொண்டை போடக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: அம்மா, நீவுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுளுக்குக்கு அவர் கைராசிக்காரராக இருக்கலாம். மாற்று மூட்டை முறுக்கி இழுத்தால் நழுவிவிடும்.

இரண்டு மாதத்தில் மார்பு உயரம் மோசமில்லை. இயல்பான தோளில் பந்து கை எலும்பிலும், கிண்ணம் தோள்பட்டையிலும் இருக்கும். உங்களுக்கு அதை இடம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். 1985-ல் பிரான்சில் கிராமோன் என்ற மருத்துவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. கிழிந்த தசைநாரை நம்பாமல், தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும். அதற்கு இது புது வேலை, பழக மாதங்கள் ஆகும்.

ஆகவே பாட்டில் இப்போது வேண்டாம். எடைப் பயிற்சி பொதுவாக 12 வாரத்துக்கு அப்புறம்தான், அதுவும் உங்கள் சர்ஜன் சரி என்ற பிறகு. அதுவரை மல்லாந்து படுத்து, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். கொல்லை உத்தரத்தில் சின்னக் கப்பி மாட்டி, கயிற்றை வலது கையால் இழுத்து இடது கையை ஏற்றுவதும் நல்லது. கண்ணாடி முன் கையைத் தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறினால், அந்த உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல பேர் கூச்சத்தில் மருத்துவரிடம் கேட்பதே இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் ஆனது இடது கை. கால் கழுவ அதைப் பின்னால் கொண்டுபோவீர்கள். கை பின்னுக்குப் போய், உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பும் அந்த நிலையில்தான் ரிவர்ஸ் மூட்டு நழுவ வாய்ப்பு அதிகம். முதல் மூன்று மாதமாவது வலது கையால் கழுவுங்கள், மனம் ஒப்பாவிட்டாலும். முந்தானையை இடுப்பின் பின்னால் செருகுவதும் இதே கணக்குதான். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் இடது உள்ளங்கையை ஊன்றி எழாதீர்கள். நாற்காலியில் சாப்பிடுவதே உத்தமம். அடி பம்புப் பக்கம் போகவே வேண்டாம்.

கொண்டைக்குக் கை உயர்ந்தால் மட்டும் போதாது, வெளிப்பக்கமும் திரும்ப வேண்டும். அது தாமதமாகத்தான் வரும். இப்போதைக்கு மேசையில் முழங்கையை லேசாக வைத்து, தலையைக் குனிந்து பின்னிப் பாருங்கள். பாரம் போடக் கூடாது. முன்னேற்றம் ஒரு வருடம் வரைகூடத் தொடரும். ஆனால் முதுகுக்குப் பின்னால் கை போவது பழையபடி முழுதாக வராமலும் போகலாம். மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பயிற்சிக்குப் பின் கொஞ்ச நேரம் வலித்து அடங்கினால் பயமில்லை. தோள் உச்சி எலும்பைத் தொட்டாலே புதிதாக வலித்தால் பயிற்சியை நிறுத்துங்கள், அங்கே மெல்லிய முறிவு இருக்கலாம். காய்ச்சல், தையலில் சிவப்பு, நீர்க்கசிவு, திடீரெனக் கை அசையாமல் போவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போய்விடுங்கள்.