ஊசியில் நூல் கோக்கக் கை தடுமாறுகிறது: கழுத்தில் அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. தையற்கடை வைத்திருக்கிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஏழெட்டு மாதங்களாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்கே நேரமாகிறது. நடக்கும்போது கால்கள் இறுகிப்போவதாகச் சொல்கிறார். செருப்பு கழன்றது தெரியாமலேயே சில நேரம் நடந்துவிடுகிறார். சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கழுத்தில் மூன்று இடங்களில் தண்டுவடம் நசுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். கழுத்து வலியே இல்லாதவருக்கு எதற்கு ஆபரேஷன், கத்தி வைத்தால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது? இதற்கு நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்ப்பதா, எலும்பு மருத்துவரைப் பார்ப்பதா?

– வாசகி, கரூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகளும் எம்.ஆர்.ஐ. முடிவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் அழுத்தப்பட்டு, அதன் வேலை குறைந்துவரும் நிலை இது. வலி இல்லை என்பதை உங்கள் உறவினர்கள் ஆறுதலான செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள்; நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்பு அழுந்தினால்தான் தோளிலிருந்து கைவரை சுள்ளென்று வலிக்கும். தண்டுவடமே அழுந்தும்போது பலருக்கு வலி இருப்பதில்லை. விரல்களின் நுணுக்கம் குறைவதும் நடை தளர்வதும்தான் அதன் அடையாளங்கள். வலி இல்லாததாலேயே பலர் காலம் தாழ்த்தி வருகிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் இந்தத் தாமதம் இன்னும் அதிகம். மரத்துப்போகிறது என்று சொன்னவுடன் பழி சர்க்கரையின்மேல் விழுந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு பெரும்பாலும் இரு பாதங்களில் தொடங்கி மெல்ல மேலேறும். கைகளுக்கு வருவதற்கு நெடுங்காலம் ஆகும். அதில் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது குறையும் அல்லது இல்லாமலே போகும். தண்டுவடம் அழுந்தியவருக்கோ கால் அளவுக்கு மீறித் துள்ளும். நடுவிரலின் நகத்தைச் சுண்டிவிட்டால் கட்டைவிரல் தானாக மடங்கும். இதை ஹாஃப்மன் குறி என்கிறோம். இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: விரல்களை முழுமையாக மூடி முழுமையாக விரிப்பதை 10 விநாடிகளில் எத்தனை முறை செய்கிறார் என்று எண்ணுங்கள். ஆரோக்கியமானவர் ஏறக்குறைய 20 முறை செய்வார். அதைவிடத் தெளிவாகக் குறைந்தால், கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல் அது. உங்கள் அப்பா மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்டகாலமாக எடுப்பவர் என்றால், வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே போன்ற தள்ளாட்டம் வரும், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

கழுத்தில் தண்டுவடம் செல்லும் எலும்புக் குழாயின் முன்பின் அகலம் சராசரியாக 17 மி.மீ. அளவில் இருக்கும், 13 மி.மீ.-க்குக் கீழே போனால் குறுகல் என்கிறோம். முன்பக்கம் ஜவ்வு பிதுங்கியும் எலும்பு முனைகள் வளர்ந்தும், பின்பக்கம் தசைநார் தடித்தும் இந்த இடத்தைக் குறைக்கின்றன. சிலருக்கு முதுகெலும்புகளின் பின்புறமாக ஓடும் நீண்ட தசைநாரே எலும்பாக மாறிவிடும். ஜப்பானிலும் கிழக்காசிய நாடுகளிலும் இது அதிகம். நம் நாட்டிலும் பார்க்கிறோம், சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எலும்பாக மாறிய பகுதி எம்.ஆர்.ஐ.-யைவிட சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும் என்பதால், உங்கள் மருத்துவர் சி.டி. ஸ்கேனும் கேட்டால் அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

இனி, அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்வி. கையின் திறன், நடை, உணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, மொத்தம் 18-க்கு இந்த நோயின் தீவிரத்தை அளவிடுகிறோம். 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள் நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கின்றன. லேசான நிலையில் மட்டும், முறையான கண்காணிப்போடு இயன்முறைச் சிகிச்சையைச் செய்து பார்க்க இடம் தருகின்றன. நேரில் சோதிக்காமல் உங்கள் அப்பாவுக்கு மதிப்பெண் போடுவது முறையாகாது. ஆனாலும் பொத்தான் போடத் தடுமாற்றம், கால் இறுக்கம், செருப்பு கழன்றது தெரியாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பவரிடம் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த நோய் பலருக்குப் படிப்படியாக இறங்கும். சில மாதங்கள் மாற்றமின்றி இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு படி கீழே போகும். அந்த மாற்றமில்லாத காலத்தைக் குணமாகிவிட்டது என்று குடும்பத்தார் நம்பிவிடுகிறார்கள். அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் மோசமாவதைத் தடுப்பது. இழந்த திறனில் ஒரு பகுதி பலருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள். முழுவதும் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நோய் எவ்வளவு காலம் இருந்ததோ அந்த அளவுக்கு மீட்சி குறையும். ஆகவே இதை நாளைக்கே செய்ய வேண்டியதில்லை என்றாலும், சில வாரங்களுக்குள் முடிவெடுப்பது நல்லது. தையல் அவருடைய தொழில் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்கிறது.

படுத்த படுக்கையாகிவிடுவார் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய 1950-இல் எம்.ஆர்.ஐ. இல்லை, இன்றைய நுண்ணோக்கிகளும் இல்லை. அந்தக் காலத்து அனுபவங்களிலிருந்து கிளம்பிய பயம் இன்னும் வீடுகளில் வாழ்கிறது. இன்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, அதிவேகக் கருவியால் எலும்பைச் செதுக்கி, தேவைப்படும் இடங்களில் தண்டுவடத்தின் மின்சைகைகளை அறுவை முடியும்வரை கண்காணித்தபடியே செய்கிறோம். கை கால் செயலிழக்கும் ஆபத்து இன்றும் முற்றிலும் இல்லாமல் போகவில்லை, ஆனால் குறைவு. விட்டுவிட்டால் அதே நிலைக்கு நோயே கொண்டுபோகும் வாய்ப்பையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்கழுத்து வழியாகச் செய்தால் சில வாரங்கள் விழுங்குவதில் சிரமமும் குரல் கரகரப்பும் வரலாம். நூற்றில் ஐந்து பேர் அளவில் தோளைத் தூக்கும் வலு குறையும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அது திரும்பிவிடும்.

முன்பக்கமாக ஜவ்வை எடுத்து எலும்புகளை இணைப்பதா, பின்பக்கமாக எலும்பு வளைவை அகற்றுவதா, அல்லது ஜப்பானில் உருவான முறைப்படி அந்த வளைவைக் கதவுபோல் ஒருபுறம் திறந்து இடம் உண்டாக்குவதா என்பது, அழுத்தம் எத்தனை இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து, கழுத்தின் வளைவு எப்படி என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஓராண்டுக்குப் பின் நோயாளிகளின் உடல்நலத்தில் முன்வழிக்கும் பின்வழிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே இரண்டு மருத்துவர்கள் இரண்டு வழிகளைச் சொன்னால், ஒருவர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நரம்பியல் அறுவை மருத்துவரும் முதுகெலும்புக்கெனத் தனிப்பயிற்சி பெற்ற எலும்பு மருத்துவரும் இந்த அறுவையைச் செய்கிறார்கள். பட்டத்தைவிட, கழுத்துத் தண்டுவட அழுத்தத்துக்கு அவர் தொடர்ந்து அறுவை செய்துவருகிறாரா என்பதே முக்கியம். உங்கள் அப்பாவைப் போல மூன்று நிலைகளில் அழுத்தம் உள்ளவர், தசைநார் எலும்பானவர், கழுத்து முன்னோக்கிக் கூனியவர், ஏற்கெனவே அங்கே அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கு இது சிக்கலான அறுவை. அனுபவமுள்ள குழுவிடமே போங்கள். எந்த வழி, ஏன் அந்த வழி, நடக்கக்கூடிய மோசமான விளைவு என்ன, தங்களிடம் அது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று நேரிடையாகக் கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

அதுவரை ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முடிவெட்டும் கடையிலோ வேறெங்கோ கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுக்க விடாதீர்கள். எடை கட்டிக் கழுத்தை இழுக்கும் சிகிச்சையும் வேண்டாம். இடம் குறுகிய கழுத்தில் ஒரு சாதாரண வீழ்ச்சிகூட இரு கைகளையும் ஒரே நொடியில் செயலிழக்கச் செய்யும். குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும் இரவில் விளக்கும் இருக்கட்டும். இருசக்கர வாகனப் பயணத்தை நிறுத்துங்கள். வேறு எதற்காவது மயக்கம் கொடுக்க நேர்ந்தாலும் கழுத்து விவரத்தை மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஓரிரு நாட்களுக்குள் கை கால் வலு வேகமாகக் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை இப்போதே பரிசோதித்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புண் ஆறுவதும் கிருமித்தொற்றும் அதைப் பொறுத்தவை. புகைப்பழக்கம் இருந்தால், எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்பதால் உடனே விட வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் எடுத்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செலவு தடையாக இருந்தால், நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. படங்களையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்களே வேண்டும்.